மேக் ஹாலின்ஸின் 26 இலட்சம் டாலர்: பில்ஸ் அணியின் கணிப்பா, அதிர்ஷ்டமா?

கணக்குப்பிள்ளை | 11 பிப்ரவரி 2025

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்-இன் இறுதி ஆட்டம், சூப்பர் பவுல், முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய சுற்றில் நம் பில்ஸ் அணி கான்சஸ் சிட்டியிடம் 32-29 என்று தோற்ற புண் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் முடிந்தவர்களை அணிகள் எடுக்கும் ஆட்டக்காரர் சந்தை அடுத்த மாதம் திறப்பதற்குள் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்ற மார்ச்சில் பஃபலோ பில்ஸ் அணி மேக் ஹாலின்ஸ் என்ற ரிசீவரை (எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்) ஓராண்டுக்கு எடுத்தது. தொகை 26 இலட்சம் டாலர் வரை. 2024-ஆம் ஆண்டின் சம்பள உச்சவரம்பு ஓர் அணிக்கு 25.54 கோடி டாலர். அதில் இது நூற்றில் ஒரு பங்கு. அன்றைக்கு இந்தச் செய்தியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ரிசீவர் கேப் டேவிஸ் 3.9 கோடி டாலர் மூன்றாண்டு ஒப்பந்தத்தோடு ஜாக்சன்வில் போன கவலையில் எல்லோரும் இருந்தோம். அடுத்த மாதமே முதன்மை ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸையும் ஹியூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சீசன் முடிந்தபோது ஹாலின்ஸ் பிடித்தவை 31 பந்துகள், 378 யார்டு, 5 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது). அணியிலேயே அதிக டச்டவுன் பிடித்தவர் அவர்தான். அதே மார்ச்சில் 2.4 கோடி டாலருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த கர்ட்டிஸ் சாமுவேலும் அதே 31 பந்துகளைத்தான் பிடித்தார். 253 யார்டு, 1 டச்டவுன். ஜாக்சன்வில் போன டேவிஸ் காயத்தோடு முடங்குவதற்குமுன் பிடித்தவை 20 பந்துகள், 239 யார்டு.

இந்த எண்களை வரிசையாக வைத்தால் பொது மேலாளர் பிராண்டன் பீனுக்கு மாலை போடத் தோன்றும். நான் அவசரப்பட விரும்பவில்லை. ஒப்பந்தம் போட்ட அன்று தெரிந்திருந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் இது நல்ல முடிவா? அல்லது விழுந்த இடத்தில் விதை தானாக முளைத்ததா? இந்த வேறுபாடு முக்கியம். மார்ச்சில் இதே வழியில் இன்னொருவரை எடுக்கலாமா என்பது இதற்கான பதிலைப் பொறுத்தது. நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆனால் அந்த ஐந்து டச்டவுனை என் வாதத்துக்கு ஆதாரமாக நான் எடுக்கப் போவதில்லை.

புதியவன் | 11 பிப்ரவரி 2025

ஐயா, நான் மதுரையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு சீசனாகப் பார்க்கிறேன். ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்தால் முதல் ஆட்டம் முடிய விடிகாலை ஆகிவிடும். பதினேழு ஆட்டத்தில் 31 பந்து என்றால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டுகூட முழுதாக வரவில்லையே. மீதி நேரமெல்லாம் அவர் களத்தில் என்ன செய்கிறார்? ஓடிவிட்டுத் திரும்பி வருவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. தொலைக்காட்சி பந்தைத்தான் காட்டுகிறது.

நயாகராவாசி | 12 பிப்ரவரி 2025

தம்பி, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையின் முதற்கேள்வி. நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். ரொறன்ரோவில் 2008 தொடக்கம் 2013 வரை பில்ஸ் ஆண்டுக்கொரு ஆட்டம் ஆடிய காலத்தில் பிடித்த பழக்கம். இப்போது எல்லை தாண்டி, பில்ஸ் அரங்கம் இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க் போய் வருகிறோம்.

டிசம்பர் 1 இரவு, சான் பிரான்சிஸ்கோவுடன் பனியில் நடந்த ஆட்டத்துக்குப் போயிருந்தேன். 35-10 என்று வென்ற ஆட்டம். நம் அணியில் பந்தை எறிபவரான ஜோஷ் அலன் எறிந்த பந்தை ரிசீவர் அமாரி கூப்பர் பிடித்துத் திரும்ப அவரிடமே தட்டிவிட, அவர் பாய்ந்து டச்டவுன் போட்டாரே, அந்த இரவு. எங்கள் இருக்கை பக்கக்கோட்டுக்கு அருகில், எல்லைக் கம்பத்துக்குச் சற்று உள்ளே. இரண்டாவது கால் பகுதி முழுக்க நான் பந்தைப் பார்க்கவில்லை. ஹாலின்ஸை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆறடி நான்கு அங்குல மனிதர். பந்தை எறியாமல் ஓட்டக்காரரிடம் கொடுத்து ஓடவைப்பது என்று முடிவானால் அவர் நிற்கும் இடமே மாறிவிடும். வெளிக்கோட்டிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து, தாக்கும் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பந்து புறப்பட்டதும் ரிசீவருக்குக் காவலாக எதிரே நிற்கும் கார்னர்பேக்கின் நெஞ்சுக் கவசத்தில் இரண்டு கைகளும் போய் ஒட்டிக்கொள்ளும். கை வெளியே விரிந்தால் பிடித்து இழுத்த குற்றமாகிவிடும்; ஆகவே கைகள் நெஞ்சுக்கு நேரே, முழங்கை உடலோடு ஒட்டி. பிறகு கால்கள் சின்னச் சின்ன அடியாகப் போய்க்கொண்டே இருக்கும். பனியில் எல்லோருக்கும் கால் வழுக்குகிறது. அவர் அகலமாகக் கால் வைத்து அந்த ஆளை வெளிக்கோடு வரை தள்ளிக்கொண்டு போனார். அதற்குள் ஓட்டக்காரர் பத்து யார்டு தாண்டியிருந்தார். அரங்கம் எழுந்து கத்தியது ஓடியவருக்காக. ஹாலின்ஸ் தள்ளிவிட்ட ஆளுக்கே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, கையிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

அன்றைக்கு அவர் ஒரு டச்டவுனும் பிடித்தார். எனக்கு நினைவில் நிற்பது அந்தத் தள்ளல்தான். பில்ஸ் 2024-இல் எறிந்து 30, ஓடி 30 என்று இரு வழியிலும் டச்டவுனில் முப்பதை எட்டிய முதல் அணி. லீக் வரலாற்றில் வேறெந்த அணியும் அதைச் செய்ததில்லை. ஜேம்ஸ் குக் மட்டும் 16 டச்டவுன் ஓடினார். வெளிப்பக்கத்தில் யாரோ ஒருவர் வழி திறக்காமல் அது நடக்குமா? அந்த வேலைக்குப் புள்ளிவிவரத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

எதிர்க்காற்று | 12 பிப்ரவரி 2025

பனி இரவின் வருணனை அருமை. ஆனால் அக்டோபர் 6-ஆம் தேதியை யாரும் பேசவில்லையே. ஹியூஸ்டனில் ஜோஷ் அலன் 30 முறை எறிந்து 9 மட்டுமே சேர்ந்தது. லீக்கின் ஆட்டநாயகன் விருதை அந்த ஆண்டு வென்ற மனிதருக்கு 30-க்கு 9! கலீல் ஷகீர் காயத்தால் ஆடாத அந்த ஒரு நாளில், மற்ற ரிசீவர்களில் ஒருவராலும் தனக்குக் காவலாக நின்றவரை விட்டு விலகி வெளியே வர முடியவில்லை. 23-20 என்று தோற்றோம். பத்தே நாளில் மூன்றாம் சுற்றுத் தேர்வைக் (கல்லூரி ஆட்டக்காரர் ஒருவரை எடுக்கும் உரிமை) கொடுத்து கிளீவ்லாந்திடமிருந்து அமாரி கூப்பரை வாங்க வேண்டி வந்தது.

ஆகவே நான் கணக்கை வேறு மாதிரி போடுகிறேன். 2024 வசந்தத்தில் பில்ஸ் மலிவு விலையில் ஒருவரை மட்டுமா எடுத்தது? மார்க்கேஸ் வால்டேஸ்-ஸ்கான்ட்லிங்கை எடுத்தது. ஆறு ஆட்டத்தில் 2 பந்து, 26 யார்டு, அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். சேஸ் கிளேபூலை எடுத்தது; கால்விரல் காயத்தோடு ஆகஸ்டிலேயே போய்விட்டார். ஹாலின்ஸ் ஒருவர்தான் நின்றார். நின்ற ஒருவரைக் காட்டி 'பாருங்கள், என்ன தீர்க்கதரிசனம்' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கணக்கு எழுதினால் மூவரின் செலவையும் சேர்த்து எழுதுங்கள். கூப்பருக்குக் கொடுத்த தேர்வையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. 31 பந்தில் 5 டச்டவுன் என்பது நிலைக்கும் விகிதமே அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு அட்லான்டாவில் 18 பந்து பிடித்தார், டச்டவுன் ஒன்றுகூட இல்லை.

கணக்குப்பிள்ளை | 12 பிப்ரவரி 2025

எதிர்க்காற்று சொன்ன இரண்டாவது குறிப்பை முழுதாக ஏற்கிறேன். ஐந்து டச்டவுன்மேல் வாதம் கட்ட மாட்டேன் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் அதுதான். முதல் குறிப்பில் பாதி சரி. மூவரையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் செலவு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தவறுகிறோம்.

ஏழு சீசனோ அதற்கு மேலோ ஆடிய ஒருவருக்கு 2024-இல் குறைந்தபட்சச் சம்பளம் 12,10,000 டாலர். புதிதாக வரும் பையனுக்கு 7,95,000. அப்படியே விட்டால் அணிகள் அனுபவசாலிகளைக் கைவிட்டு இளையவர்களை எடுத்துக்கொள்ளும் என்பதால், ஆட்டக்காரர் சங்க ஒப்பந்தத்தில் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு, குறைந்தபட்சச் சம்பளமும் ஒரு சிறு ஊக்கத்தொகையும் மட்டும் என்று கையெழுத்திட்டால், அந்த 12,10,000-ஐ ஆட்டக்காரர் முழுதாகப் பெறுவார். அணியின் உச்சவரம்புக் கணக்கில் அந்தச் சம்பளத்துக்காக 9,85,000 மட்டுமே ஏறும்.

ஹாலின்ஸுக்குப் போட்டது அந்தச் சலுகை ஒப்பந்தம் அன்று. அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 'மலிவு' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அவர் மலிவுகளிலேயே விலை கூடியவர். அந்தச் சலுகை விலைக்கே வரத் தயாராக இருக்கும் ஒரு நடுத்தர ரிசீவரோடு ஒப்பிட்டால், அணி கூடுதலாகக் கொடுத்தது சுமார் 16 இலட்சம். மதிப்பிட வேண்டியது அந்த 16 இலட்சத்தைத்தான்.

இதோடு 51 பேர் விதியையும் சேர்க்க வேண்டும். மார்ச் முதல் செப்டம்பர் வரை, பட்டியலில் தொண்ணூறு பேர் இருந்தாலும், அதிகச் சம்பளமுள்ள 51 பேரின் தொகைதான் உச்சவரம்பில் எண்ணப்படும். 26 இலட்சம் உள்ளே வந்தால், அடியில் இருந்த ஒன்பது இலட்சம் அளவிலான ஓர் ஒப்பந்தம் எண்ணிக்கையை விட்டு வெளியே போய்விடும். ஆக மார்ச்சில் அவர் அணிக்கு உண்மையில் அடைத்த இடம் 17 இலட்சம் அளவு. டிக்ஸை அனுப்பியதற்கு மட்டும் 3.1 கோடி டாலர், இல்லாத ஆளின் பெயரில் கணக்கில் உட்கார்ந்திருந்த ஆண்டு அது. அந்த நெருக்கடியில் ஒவ்வொரு பத்து இலட்சத்துக்கும் மதிப்பு உண்டு. அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறேன்.

கிளேபூலும் வால்டேஸ்-ஸ்கான்ட்லிங்கும் சேர்ந்து செய்த சேதம் பணத்தில் சிறியது. அவர்கள் தின்றது பயிற்சி முகாமில் இன்னொருவருக்குப் போயிருக்க வேண்டிய பந்துகளை. அதை நானும் இழப்பாகவே எழுதுகிறேன்.

புதியவன் | 13 பிப்ரவரி 2025

ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலைக்கு வரும் உள்நாட்டுப் பந்துவீச்சாளரைப்போல என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆனால் அங்கே ஏலம் கேட்டால் தொகை முழுக்க எழுதிவைத்ததுதான். இங்கே 'வரை' என்று ஒரு சொல் எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிறதே. அது என்ன?

கணக்குப்பிள்ளை | 13 பிப்ரவரி 2025

அந்த 'வரை'யில்தான் பேரம் நடக்கிறது. பொதுவாகச் சொல்கிறேன். தொகையின் ஒரு பகுதி உத்தரவாதம். இன்னொரு பகுதி, ஆட்ட நாளில் களமிறங்கும் பட்டியலில் பெயர் இருந்தால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வரும். காயப்பட்டு வெளியே உட்கார்ந்தால் அது வராது. மூன்றாவது, இத்தனை பந்து, இத்தனை யார்டு என்றால் ஊக்கத்தொகை. இதில் ஒரு நுட்பம் உண்டு. முந்தைய ஆண்டு எட்டிய அளவைவிட உயரமாக இலக்கு வைத்தால் அது 'எட்ட வாய்ப்பில்லாதது' என்று கருதப்பட்டு, இந்த ஆண்டுக் கணக்கில் ஏறாது. எட்டிவிட்டால் அடுத்த ஆண்டில் ஏறும். அட்லான்டாவில் 251 யார்டோடு வந்த ஒருவருக்கு 300 யார்டு இலக்கு வைத்தால்கூட அணிக்கு அன்றைக்கு ஒரு காசு பாரம் இல்லை.

உத்தரவாதம் கொஞ்சம்தான் என்றாலும் இன்னொரு கதவு இருக்கிறது. நான்கு சீசன் முடித்தவர் முதல் வார ஆட்டத்தின்போது பட்டியலில் இருந்துவிட்டால், பிறகு அனுப்பினாலும் அந்த ஆண்டின் மீதிச் சம்பளத்தைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். எனவே இப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் உண்மையான தீர்ப்பு நாள், அணிகள் பட்டியலைச் சுருக்கும் ஆகஸ்ட் கடைசி வாரம்.

ஏரிக்கரை | 14 பிப்ரவரி 2025

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பணத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். எனக்குப் பணம் பெரிதாகப் படவில்லை. நாற்காலி பெரிதாகப் படுகிறது.

ஓர் அணியில் 53 இடம். ஆட்ட நாளில் களத்துக்கு வரக்கூடியவர்கள் 48 பேர். ரிசீவர்களுக்கு ஐந்து இடம், மிஞ்சினால் ஆறு. முதல் மூவர் பந்து பிடிக்கவே இருக்கிறார்கள். நான்காவது, ஐந்தாவது ஆளுக்கு வேறு வேலை தெரிந்திருந்தால்தான் அந்த நாற்காலி நியாயமாகும். பந்தை உதைத்துவிட்டு ஓடிப்போய் எதிரணிக்காரரைக் கவிழ்க்க வேண்டும், எதிரணி உதைக்கும்போது தடுப்பாக நிற்க வேண்டும். ஹாலின்ஸ் எங்கிருந்து வந்தவர் என்று பாருங்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைகூட இல்லாமல் அணிக்குள் நுழைந்தவர். அங்கே பெயரெடுத்தது இந்தச் சிறப்பு அணிகளில்தான். 2017-இல் ஃபிலடெல்ஃபியா நான்காம் சுற்றில், 118-ஆவது தேர்வாக எடுத்தது. அந்த ஆண்டே சூப்பர் பவுல் மோதிரம். அடுத்த ஆண்டு முழுக்கக் காயம். பிறகு மயாமி, லாஸ் வேகாஸ், அட்லான்டா.

இன்னொரு காரணமும் 2024-இல் சேர்ந்துகொண்டது. தொடக்க உதைக்கு லீக் புது விதி கொண்டுவந்த ஆண்டு அது. முந்தைய ஆண்டில் உதைத்த பந்துகளில் ஐந்தில் ஒன்றுதான் திரும்ப ஓடப்பட்டது. புது விதியில் அது மூன்றில் ஒன்றாக உயர்ந்தது. அதாவது சிறப்பு அணி ஆட்டக்காரனின் வேலை ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் கூடியது. இந்த விதி மார்ச் கடைசியில்தான் நிறைவேறியது. ஆனால் வரப்போகிறது என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. ஆகவே இதைத் தற்செயல் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

டிசம்பர் 15 டெட்ராய்ட் ஆட்டம் நினைவிருக்கிறதா? நாம் 38-28 முன்னிலை. இன்னும் பன்னிரண்டு நிமிடம் மிச்சம். டெட்ராய்ட் பயிற்சியாளர் டேன் கேம்பல் அவ்வளவு சீக்கிரமே ஆன்சைட் கிக் உதைக்கச் சொன்னார். குட்டையாக உதைத்து, தன் ஆட்களே பாய்ந்து எடுப்பது என்ற சூதாட்டம். பந்து தரையில் பட்டுக் குதித்து முன்வரிசைக்கு வந்தது. அந்த இடத்தில் அனுபவமில்லாத ஒருவன் இருந்தால் என்ன செய்வான்? பந்தின்மேல் விழுந்து படுத்துக்கொள்வான். அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள், அதில் தவறும் இல்லை. ஹாலின்ஸ் குதித்த பந்தை நின்றபடி கையில் வாங்கினார். எதிரே வெட்டவெளி. 38 யார்டு ஓடி, ஐந்து யார்டு கோட்டில்தான் நின்றார். உடனே டச்டவுன். அந்த ஆட்டம் முடிந்த கணக்கு 48-42. ஆறு புள்ளி வித்தியாசம். அந்த ஒரு ஓட்டத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

எதிர்க்காற்று | 14 பிப்ரவரி 2025

டெட்ராய்டுக்கு நான் தலைவணங்குகிறேன். அந்த இரவு நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் குறை வேறு. ஹாலின்ஸ் ஐந்தாவது நாற்காலிக்கு எடுக்கப்பட்டார் என்றால் 26 இலட்சம் தங்கமான விலை. சீசன் போன போக்கில் அவர் ஐந்தாவது ஆளாகவா ஆடினார்? பெரும்பாலான வாரங்களில் தொடக்கத்திலேயே களமிறங்கினார். மலிவாகக் கிடைத்த நல்ல துணை ஆள், முதல் நாற்காலியில் உட்கார வேண்டிய ரிசீவர் அணியிலேயே இல்லை என்பதை மறைத்துவிட்டார். ஜனவரி 26 இரவு கான்சஸ் சிட்டியில் கடைசி நான்காவது முயற்சியில் அலனை நோக்கி ஆட்கள் பாய்ந்து வந்தபோது, தன் காவலரைத் தனியாக வென்று நிற்கக்கூடிய ஒரு ரிசீவர் களத்தில் இருந்தாரா? பந்து டால்டன் கின்கெய்டின் கைக்கு எட்டியும் எட்டாமலும் போனது. நான் ஹாலின்ஸைக் குறை சொல்லவில்லை. அவரை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்களைச் சொல்கிறேன்.

நயாகராவாசி | 14 பிப்ரவரி 2025

அதே ஆட்டத்தில் அரைநேரத்துக்கு முன் 34 யார்டு டச்டவுன் பிடித்தது யார் என்பதையும் எழுதுங்கள், அண்ணா. ஹாலின்ஸ்தான்.

கணக்குப்பிள்ளை | 15 பிப்ரவரி 2025

எதிர்க்காற்று சொல்வது ஹாலின்ஸ் ஒப்பந்தத்தின் குறை அல்லவே. அது சாமுவேல் ஒப்பந்தத்தின் குறை. முதல் மூன்று நாற்காலிகளில் ஒன்றுக்கென்று ஆண்டுக்கு 80 இலட்சம் என்ற விலையில் எடுக்கப்பட்டவர் சாமுவேல். அவர் காயங்களோடு போராடினார். அந்த ஓட்டையை ஹாலின்ஸ் அடைத்தார். ஓட்டையை அடைத்த பலகையைப் பார்த்து 'ஏன் கதவாக இல்லை' என்று கேட்க முடியாது.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். அக்டோபரில் கூப்பர் வந்தபோது பில்ஸ் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த மீதிச் சம்பளம் சுமார் 8 இலட்சம் டாலர் மட்டுமே. பெரும்பகுதியை கிளீவ்லாந்து முன்கூட்டியே ஊக்கத்தொகையாக மாற்றிக் கொடுத்துவிட்டது. அப்படி ஒரு வாய்ப்பு நடு சீசனில் வரும்போது கணக்கில் இடம் இருக்க வேண்டும். மார்ச்சிலேயே நான்காவது ரிசீவருக்கு 60, 70 இலட்சம் கொடுத்திருந்தால் அந்த இடம் நெருக்கமாகியிருக்கும். மலிவு ஒப்பந்தத்தின் பலன் அந்த ஆட்டக்காரரின் எண்களில் மட்டும் தெரியாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

இழையின் தொடக்கத்தில் நான் எழுப்பிய கேள்விக்கு என் பதில்: மார்ச் 2024-இல் தெரிந்திருந்தவை நான்கு. உயரம், தடுப்பு, சிறப்பு அணி அனுபவம், லாஸ் வேகாஸில் 2022-இல் மற்றவர்கள் காயப்பட்டபோது 57 பந்து, 690 யார்டு என்று பாரம் தாங்கியது. இந்த நான்குக்குமே 26 இலட்சம் நியாயமான விலை. ஒரு டச்டவுன்கூட பிடிக்காவிட்டாலும் நான் இதையே எழுதியிருப்பேன்.

ஏரிக்கரை | 15 பிப்ரவரி 2025

அப்படியானால் இப்போது கேட்க வேண்டியது: இதே மனிதருக்கு இந்த மார்ச்சில் எவ்வளவு கொடுப்பீர்கள்? வரும் செப்டம்பரில் 32 வயது. ஐந்து டச்டவுன் அவர் விலையை ஏற்றியிருக்கும்.

கணக்குப்பிள்ளை | 15 பிப்ரவரி 2025

ஓராண்டு என்றால் 35 இலட்சம் வரை. அதில் பாதி ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற முறையில். இரண்டாவது ஆண்டு கேட்டால் உத்தரவாதம் இல்லாமல் மட்டும்.

எதிர்க்காற்று | 15 பிப்ரவரி 2025

நான் 26-லேயே நிற்பேன். கூடுதல் பணத்தை முதல் நாற்காலிக்கு வையுங்கள்.

நயாகராவாசி | 16 பிப்ரவரி 2025

நான் 4 மில்லியன் வரை போவேன். கணக்கில் வராத ஒன்றுக்காக. இந்த மனிதர் வெறுங்காலோடு நடப்பவர். பஃபலோவின் குளிரில், அரங்கத்துக்கு வரும்போது பனிக்கு மேல் வெறுங்கால். பார்க்க வேடிக்கை என்று பலர் படம் எடுத்துப் போட்டார்கள். ஆனால் பாதத்தை வலுப்படுத்த வேண்டும் என்று நினைத்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்கிற ஒழுங்கு அது. டிக்ஸ் போன பிறகு அந்த ரிசீவர் அறையில் இருந்தவர்களில் பலர் சிறு பையன்கள். கியோன் கோல்மன் முதல் ஆண்டு. அவர்களுக்கு முன்னால் ஏழு ஆண்டு இதே தொழிலில் விளிம்பில் நின்று தாக்குப்பிடித்த ஒருவர் தினமும் வந்து தடுப்புப் பயிற்சி செய்கிறார் என்றால், அதற்கு நான் காசு கொடுப்பேன்.

எதிர்க்காற்று | 16 பிப்ரவரி 2025

அறையில் நல்ல மனிதர் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விலைப்பட்டியல் இல்லை. இல்லாத விலையைச் சொல்லி ஒவ்வொரு மார்ச்சிலும் முகவர்கள் பத்து இலட்சம் ஏற்றிக்கொள்கிறார்கள்.

புதியவன் | 12 மார்ச் 2025

செய்தி பார்த்தீர்களா? ஹாலின்ஸ் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்குப் போகிறார். இரண்டு ஆண்டு, 84 இலட்சம் டாலர் என்கிறார்கள். ஊக்கத்தொகை சேர்ந்தால் இன்னும் மேலே. நம் அணி சார்ஜர்ஸிலிருந்து ஜோஷுவா பால்மரை எடுத்திருக்கிறது. ஷகீரோடும் சென்ற மாதமே நீண்ட ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. மனம் கனக்கிறது.

கணக்குப்பிள்ளை | 12 மார்ச் 2025

ஆண்டுக்கு 42 இலட்சம். நான் சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் இதில் யாரும் ஏமாறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரே ஆட்டக்காரர் இரண்டு அணிகளுக்கு இரண்டு விலை பெறுவார்.

பேட்ரியட்ஸ் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தாக்குதல் ஆட்டத்தை அமைப்பவர் ஜோஷ் மெக்டேனியல்ஸ். ஹாலின்ஸ் 690 யார்டு எடுத்த 2022-இல் லாஸ் வேகாஸின் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். புதிய தலைமைப் பயிற்சியாளர் மைக் வ்ரேபல் அந்த ஆண்டு டென்னசியில் இருந்தார். செப்டம்பரில் அவருடைய அணிக்கு எதிராகத்தான் ஹாலின்ஸ் 158 யார்டு எடுத்தார். எதிர்ப்பக்கக் கோட்டில் நின்று முழுதாகப் பார்த்த மனிதர். எறிபவர் டிரேக் மே, ஹாலின்ஸ் படித்த அதே வட கரோலினாவிலிருந்து வந்தவர். 35 இலட்சத்துக்குமேல் கொடுக்க நமக்குத் தெரியாத ஒரு காரணம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே ஆட்டப் புத்தகம் புரியும் ஒருவரை, இளம் அணிக்கு நடுவில் வைக்க அவர்கள் கொடுக்கும் விலை அது.

எதிர்க்காற்று | 12 மார்ச் 2025

26-இல் நின்றிருந்தால் கிடைத்திருக்க மாட்டார் என்பது இப்போது தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 42 கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன். பால்மர் காவலரை விட்டு விலகத் தெரிந்தவர். அதைத்தான் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரை | 13 மார்ச் 2025

பால்மர் பந்து பிடிப்பார், சரி. செப்டம்பரில் தொடக்க உதையின்போது ஹாலின்ஸ் நின்ற இடத்தில் யார் நிற்பார்? பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்துக்கு நேராக ஒரு பெயரை என்னால் எழுத முடியவில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தில் இன்னும் சந்தையில் இருக்கும் அனுபவசாலிகள் யார் யார், யாருக்குத் தடுப்பு வரும், யாருக்கு உதை விரட்டத் தெரியும் என்று ஆளுக்கு இரண்டு பெயர் எழுதுங்கள். கணக்குப்பிள்ளை விலை போடட்டும்.

நயாகராவாசி | 13 மார்ச் 2025

பெயர்களை நாளைக்கு எழுதுகிறேன். நியூ இங்கிலாந்து நம் பிரிவிலேயே இருக்கும் அணி. ஆண்டுக்கு ஒருமுறை ஆர்ச்சர்ட் பார்க் வந்தே தீர வேண்டும். அட்டவணை வந்த அன்றே அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன். அதே பக்கக்கோட்டு இருக்கை கிடைத்தால், எதிரணிச் சட்டையில் அவர் நம் கார்னர்பேக்கை எப்படித் தள்ளுகிறார் என்று பார்த்துவந்து எழுதுகிறேன்.